விடிய விடிய வள்ளி திருமணம்: எங்கே உட்காருவது, யாரைப் பார்ப்பது

கேள்வி: கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள் பாட்டுகளைப் பழைய இசைத்தட்டுப் பதிவுகளில் கேட்டுக் கேட்டு இசை நாடகத்தின் மேல் பைத்தியமாகிவிட்டேன். ஆனால் மேடையில் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. வருகிற பங்குனியில் மதுரைப் பக்கம் ஒரு ஊரில் வள்ளி திருமணம் போடுகிறார்கள், நண்பர் கூப்பிடுகிறார். விடிய விடிய உட்கார்ந்து பார்க்கும் அளவுக்கு அதில் இன்னும் சரக்கு இருக்கிறதா? பபூன், டான்ஸ் எல்லாம் ஆபாசமாக இருக்கும் என்கிறார்களே, வீட்டில் உள்ளவர்களைக் கூட்டிப் போகலாமா?

பதில்:

போங்கள். ஒரு பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு போங்கள். மேடைக்கு நேர் நடுவில் உட்கார வேண்டாம். ஆர்மோனியக்காரர் எந்த ஓரத்தில் இருக்கிறாரோ அந்த ஓரமாகப் பாயை விரியுங்கள். ஏன் அங்கே என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போன மாசியில் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பார்த்த வள்ளி திருமணம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. எனக்கு இது எத்தனையாவது வள்ளி திருமணம் என்று கணக்கு வைத்துக்கொள்வதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. கதை எல்லோருக்கும் தெரிந்தது, பாட்டு தெரிந்தது, முடிவு தெரிந்தது. வள்ளி என்றைக்கும் முருகனைத்தான் கட்டப்போகிறாள். பிறகு என்னத்துக்கு இன்னொரு தடவை என்று என் மனைவி ஒவ்வொரு வருஷமும் கேட்கிறாள்.

முதலில் உங்கள் இசைத்தட்டுக் காதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அந்தக் காலத்துத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பாட்டு பிடிக்கும். கிட்டப்பா 'காயாத கானகத்தே'யை அந்த மூன்று நிமிடத்துக்குள் மடக்கிப் பாடியதைத்தான் நாம் கேட்கிறோம். மேடையில் அதே பாட்டு, தாளமில்லாமல் இழுத்துப் பாடும் விருத்தம், இடையில் பேச்சு, திரும்பப் பாட்டு, சனம் 'ஒன்ஸ்மோர்' கேட்டால் மறுபடியும் பாட்டு என்று நீண்டுகொண்டே போகும். 1906இல் செங்கோட்டையில் பிறந்த மனிதர் 1933இல், இருபத்தேழு வயதில் போய்விட்டார். அவருடைய ஒரு முழு ராத்திரியை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. அதனால் கிட்டப்பா மாதிரி யாராவது பாடுவார்களா என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இந்த ஆட்டத்தில் நேரில் மட்டும் கிடைப்பது வேறொன்று.

அது புரிவதற்கு இந்த ஆட்டத்துக்கு இருக்கிற 'ஸ்பெஷல் நாடகம்' என்ற பேரைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். வள்ளி திருமணத்தை நாடகமாக எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில் நாடகக் கம்பெனிகள் இருந்தன. சிறு பையன்களைச் சேர்த்து, சோறு போட்டு, பாட்டும் வசனமும் மனப்பாடம் ஆகும்வரை விடாமல் பழக்குவார்கள். 1918இல் மதுரையில் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில்தான் பின்னாளில் நாடகத்தில் பேர் வாங்கிய டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பிள்ளைகளாகச் சேர்ந்தார்கள். ஸ்பெஷல் நாடகம் அப்படியே தலைகீழ். இதில் கம்பெனியே கிடையாது. ராஜபார்ட் என்கிற கதாநாயகன் புதுக்கோட்டைக்காரர், ஸ்திரீபார்ட் என்கிற கதாநாயகி திண்டுக்கல், நாரதர் மதுரை, ஆர்மோனியம் காரைக்குடி என்று ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, தனித்தனியாக முன்பணம் கொடுத்து வரவழைப்பார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. அன்றைக்கு முருகனும் வள்ளியுமாக நிற்கிற இரண்டு பேர் முன்பின் சேர்ந்து நடித்தே இருக்க மாட்டார்கள் என்பதுகூட நடக்கும். அவர்களுக்குப் பொதுவாக இருப்பது சுவாமிகளின் பாட்டும், எதற்குப் பின் எது வரும் என்ற வழக்கமும்தான்.

இப்படி நாலா திசையிலிருந்தும் வந்து இறங்கியவர்களை விடியும்வரை ஒரே நாடகமாகப் பிடித்து வைத்திருப்பது யார்? டைரக்டர் கிடையாது. பக்கத்தில் ஒளிந்து நின்று வசனம் எடுத்துக்கொடுக்கவும் ஆள் கிடையாது. ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கையால் வாசித்துக்கொண்டே பின்பாட்டுப் பாடுகிறாரே, அவர்தான்.

ஆர்மோனியம் என்றால் சங்கீத ரசிகர்களில் சிலர் இன்றும் முகத்தைச் சுளிப்பார்கள். ஆல் இந்தியா ரேடியோ 1940இல் அதை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது, 1971 வரை திறக்கவில்லை. சுரத்தை வளைத்து அசைக்கும் கமகம் வராத பெட்டி என்பது குற்றச்சாட்டு. பார்சி நாடகக்காரர்கள் வழியாகத் தமிழ் மேடைக்கு வந்து சேர்ந்த அந்தப் பெட்டிக்கு மேடை மட்டும் கடைசிவரை இடம் கொடுத்தது. கிட்டப்பாவுக்கு அவருடைய அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார் என்பதை, அடுத்த முறை பதிவைக் கேட்கும்போது நினைவில் வைத்துக்கொண்டு, குரலை விட்டுவிட்டுப் பின்னால் ஓடுவதைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

பத்து மணிக்கு என்று நோட்டீசில் போட்டிருந்தது. பத்தரைக்கு மேல்தான் பக்கவாத்தியக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், ஜால்ரா, அப்புறம் 'ஆல்ரவுண்டு' என்று ஒரு ஆள். அடி விழுந்தால் ஒரு சத்தம், அம்பு பறந்தால் ஒரு சத்தம் என்று தட்டுமுட்டுச் சாமான்களை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒலி கொடுப்பவர். ஆர்மோனியக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, காலால் மிதிக்கும் பழைய பெட்டி, பக்கத்தில் பிளாஸ்க். பிள்ளையாருக்கு ஒன்று, முருகனுக்கு ஒன்று, ஊர்ச் சாமிக்கு ஒன்று என்று அவரே பாடினார். அதற்குள் பாதிச் சனம் இன்னும் பாய் விரித்துக்கொண்டிருந்தது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் நடைபாதை. முன்வரிசை முழுக்கத் தூங்கத் தயாராகப் படுத்த பிள்ளைகள்.

பபூன் வந்தார். நூறு நாள் வேலைத்திட்டத்தில் மண்வெட்டியைத் தூக்காமலே சம்பளம் வாங்கிய தன் மாமியாரைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். நன்றாகவே சிரிக்க வைத்தார். பிறகு டான்ஸ் வந்தார்; பபூனுக்கு எதிர்நின்று ஆடிப்பாடும் பெண்ணை அப்படித்தான் சொல்வார்கள். ரோட்டில் போகும்போது இருவரும் முட்டிக்கொள்ள வேண்டும், யார் முட்டியது என்று சண்டை வர வேண்டும், சண்டை காதலாக வேண்டும். இது காலம்காலமாக வருகிற காட்சி. அன்றைக்கும் இரட்டை அர்த்தம் இருந்தது. பாதி புளித்துப்போனது. ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அந்த ஒரு மணி நேரம் நெளிவாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெண் அடிக்கிற பதிலடிக்கு எதிர்ப்பக்கத்துப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு ஊரே உட்கார்ந்திருக்கும்போது தனி ஆளாக நின்று, கையைத் தட்டிப் பதில் சொல்லிவிட்டுப் போக நெஞ்சுரம் வேண்டும். ஆபாசம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்கள் பெரும்பாலும் பன்னிரண்டு மணிக்கு முன்பே எழுந்து போனவர்கள்.

பன்னிரண்டரைக்கு நாடகம் பிடித்தது.

முருகன் வந்து போனார், நாரதர் வந்து கலகத்துக்கு அடி போட்டார். அதெல்லாம் சுமார்தான். அப்புறம் வள்ளி. பழைய முறைப்படி சீன் திரைக்குப் பின்னால் இருந்தே முதல் வரியை எடுத்தது அந்தப் பெண். ஆளைக் காணோம், குரல் மட்டும் வருகிறது. பஜ்ஜி வாங்கக் கிளம்பிய ஒருவர் நடைபாதையிலேயே நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்கள் அவரை உட்காரச் சொல்லிச் சத்தம்கூடப் போடவில்லை. வெளியே வந்தபோது பார்த்தால் இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நோட்டீசில் அந்தப் பேரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

வள்ளி திருமணத்தின் உயிர் தர்க்கத்தில் இருக்கிறது. தினைப்புனம் காக்க வந்தவளிடம் நாரதர் வந்து, உனக்கு ஏற்ற மாப்பிள்ளை ஒருவன் இருக்கிறான் என்று பேச்சை எடுப்பார். அவள் மறுப்பாள். ஆண் பெரிதா பெண் பெரிதா, இல்லறமா துறவறமா, எதை வேண்டுமானாலும் இழுத்துவைத்து மணிக்கணக்கில் மோதலாம். அந்த மோதல் எந்த அச்சுப் புத்தகத்திலும் இல்லை. அவரவர் படிப்பு, அவரவர் நாக்கு. சாதாரணமாக வயதான நாரதர்தான் ஜெயிப்பார். இளம் வள்ளியைக் கேள்விகளால் மடக்கி, கடைசியில் போனால் போகிறது என்று விட்டுக்கொடுத்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போவார்.

அன்றைக்கு நாரதருக்கு அறுபது தாண்டியிருக்கும். கரைகண்ட ஆள். "பெண்புத்தி பின்புத்தி" என்று தொடங்கினார். அந்தப் பெண் பதற்றமே இல்லாமல் கேட்டது:

"சுவாமி, தாங்கள் சம்சாரியா, சந்நியாசியா?"

"அம்மா, நான் நித்திய பிரம்மசாரி."

"பிரம்மசாரிக்குக் கல்யாணத் தரகு எதற்குச் சுவாமி? கமிஷன் யார் தருகிறார்கள்?"

மைதானம் சிரித்து முடிய ஒரு நிமிஷம் ஆனது. நாரதர் யோசிக்க நேரம் வாங்குவதற்காக மோகன ராகத்தில் ஒரு விருத்தத்தை எடுத்தார். இது எல்லோரும் செய்வதுதான். நாலு வரி இழுத்துப் பாடி முடிப்பதற்குள் பதில் கிடைத்துவிடும். ஆனால் அவருடைய கடைசிச் சொல் விழுந்த இடத்திலேயே அதைத் தன் முதல் சொல்லாகப் பிடித்து, வள்ளி தன் விருத்தத்தைத் தொடங்கிவிட்டது. அதே மோகனம், நேராக மேல் சட்ஜத்தில், அதாவது மேல் ஸ்தாயி 'ஸ'வில்.

நான் அந்த நேரத்தில் ஆர்மோனியக்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் வாயைத் திறப்பதற்கு ஒரு இழை முன்னாலேயே அவர் விரல் மேல் சட்ஜத்தில் இருந்தது. எப்படித் தெரிந்தது? இரண்டு பேரும் பேசி வைத்திருக்க முடியாது, அந்த இடமே திடீரென்று வந்தது. அவர் கண் பெட்டியின் மேல் இல்லை. அந்தப் பெண்ணின் தொண்டைக்குழியில் இருந்தது. மூச்சை எவ்வளவு இழுக்கிறாள் என்று பார்த்திருக்கிறார், எங்கே போய் நிற்கப்போகிறாள் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டிருக்கிறார். பாயில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து முழங்காலில் நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

அடுத்து நடந்தது இன்னும் அழகு. விருத்தம் முடிந்தது, கைதட்டல் ஓய்ந்தது. நாரதருக்கு வார்த்தை வரவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணும் அளவுக்கு இடைவெளி. மேடையில் அது ரொம்பப் பெரிய நேரம். ஆர்மோனியக்காரர் கட்டையிலிருந்து கையை எடுக்காமல், சந்தேகம் கேட்கிற அப்பாவி மாதிரி மைக்கில் கேட்டார்: "ஏன் சுவாமி, திருவள்ளுவர்கூட இல்லறத்தை முதலில் வைத்துவிட்டுத் துறவறத்தைப் பின்னால்தானே வைத்தார்?"

நாரதர் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். "அப்படிக் கேளும்! முற்றும் துறந்த நானே இல்லறத்தை முன்னால் வைக்கிறேன். அதனால்தான் அம்மா, உனக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தேன்" என்று பேச்சைத் திருப்பி, தன் மானத்தையும் காப்பாற்றி, கதையையும் கல்யாணத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். வள்ளியும் அதற்கு மேல் அவரை மடக்காமல் விட்டது. எனக்கு முன்னால் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி திரும்பிப் பார்த்து, "ஆர்மோனியம் எடுத்துக் குடுத்துருச்சு, பாத்தியாப்பா?" என்றார். எத்தனை வருஷமாக அந்த ஊர் மேடையைப் பார்க்கிறவரோ. நான் கவனித்ததாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்ததை அவர் பாக்கு இடித்துக்கொண்டே பார்த்திருக்கிறார்.

முருகன் வேடனாக வரும் இடம்தான் நீங்கள் ஆசையாகக் காத்திருக்கும் 'காயாத கானகத்தே'. ஒரு மானைத் தேடி வந்ததாகச் சொல்லி வள்ளியிடம் அடையாளம் சொல்வான். மேயாத மான் என்பான். புல் மேயாத மான் எது? எதிரில் நிற்பவள்தான். இந்தச் சிலேடை சனத்துக்கு நூறு தடவை தெரியும், ஆனாலும் அந்தச் சொல் வரும்போது ஒரு சிரிப்பு வரும். அன்றைக்கு ராஜபார்ட்டுக்குத் தொண்டை கட்டியிருந்தது. நாடகத்தில் ஆண்களும் பெண்கள் பாடும் சுருதியில், நாலு கட்டை, ஐந்து கட்டையில்தான் பாடிப் பழகியவர்கள். மைக் வராத காலத்தில் கடைசிப் பாய்வரை குரல் போய்ச்சேர வேண்டியிருந்ததால் வந்த வழக்கம். பல்லவியிலேயே அவருக்கு மேல் ஸ்தாயி உடைந்தது. அடுத்த பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்மோனியக்காரர் மெல்ல அரைக்கட்டை இறங்கி, வசனத்துக்குக் கீழே புது சுருதியில் ஒரு சின்னப் பிடியை வாசித்துக்கொண்டே இருந்தார். ராஜபார்ட் அதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே போய்ச் சேர்ந்தார். வள்ளி பதில் பாட்டை எடுக்கும்போது அதுவும் அந்தப் புது இடத்தில் இறங்கிக்கொண்டது. உடைந்த இடங்களை அவர் தன் பின்பாட்டால் மூடினார். பாட்டு பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தடுக்கி விழுகிறவனை நாலு பேர் சேர்ந்து, விழுந்தது தெரியாமல் தாங்கிப்பிடிப்பதை அதற்கு முன் அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. இசைத்தட்டில் இது கிடைக்காது. குரல் உடைந்த பாட்டைத் தட்டில் யாரும் வைக்க மாட்டார்கள்.

இந்த நாடகத்தில் இப்படி இட்டு நிரப்பிக்கொள்ள நிறைய இடம் இருப்பதால்தான் வெள்ளைக்காரன் காலத்து நாடக நடிகர் விஸ்வநாத தாஸ் அதற்குள் ஒரு போராட்டத்தையே நுழைத்தார். தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டம் வெறும் ஆலோலப் பாட்டாக இருந்தது. அங்கே 'கொக்கு பறக்குதடி பாப்பா' என்று பாடினால் எந்த வெள்ளைக் கொக்கைச் சொல்கிறார் என்று கூட்டத்துக்கும் தெரியும், வெளியே காத்திருந்த போலீசுக்கும் தெரியும். பாடிவிட்டுப் பலமுறை சிறைக்குப் போனார். 1940ஆம் வருஷம் டிசம்பர் 31ஆம் தேதி சென்னையில் இதே நாடகத்தில் முருகனாக வந்து பாடிக்கொண்டிருக்கும்போது மேடையிலேயே உயிர் போயிற்று. திருமங்கலத்தில் அவர் பெயரில் நினைவு இல்லம் இருக்கிறது, மதுரை வந்தால் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். இன்று அந்தக் கட்டத்தில் அரசியல் குறைவு, சினிமா மெட்டுதான் அதிகம்.

குறை சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மைக்கில் எதிரொலியை ஏற்றி வைத்துவிடுகிறார்கள், சொற்கள் கரைந்துபோகின்றன. மேலூர்ப் பக்கம் பார்த்த அன்றைக்கு ஸ்பீக்கர் ஒன்று எங்கள் பக்கமே திரும்பியிருந்தது, மறுநாள் மதியம்வரை ஒரு காது இரைந்தது. அன்பளிப்புத் தொல்லை இன்னொன்று. ஒருவர் மேடையேறி நாரதர் நெஞ்சில் ரூபாய் நோட்டைக் குத்துவார். குத்தியவர் பேர், அவர் அப்பா பேர், அவர் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறார் என்ற விவரம் எல்லாம் மைக்கில் சொல்லி முடியும்வரை தர்க்கம் அந்தரத்தில் தொங்கும். சில இடங்களில் இப்போது ஆர்மோனியத்துக்குப் பதில் கீபோர்டு வருகிறது. வாசிப்பவர் நல்லவராக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் முன்கூட்டியே பதிந்த தாளத்தைத் தட்டிவிட்டு உட்கார்ந்துகொள்கிறவர்களைப் பார்த்தால் எழுந்து வந்துவிடுவேன். நாரதர் தர்க்கம் நீண்டுவிட்டால் முருகன் கிழவனாக வரும் விருத்தர் வேஷம், வள்ளியைப் பயமுறுத்த யானை வருவது எல்லாம் அவசரம் அவசரமாக ஓடும். அன்றைக்கும் யானை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மாலை மாற்றும்போது கிழக்கு வெளுத்துவிட்டது.

வீட்டில் உள்ளவர்களைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. பபூன் காட்சி பிடிக்காதென்றால் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து பன்னிரண்டு மணிவாக்கில் வாருங்கள், பாயை மட்டும் முன்னாடியே யாரையாவது விட்டு விரித்துவைக்கச் சொல்லுங்கள். மாசி பங்குனியில் விடியற்காலைப் பனி இருக்கும், பிள்ளைகளுக்குக் காதை மூட ஒரு துண்டு வேண்டும். சுக்குக் காபி அங்கேயே கிடைக்கும்.

அப்புறம், உங்கள் நண்பரிடம் நாடக நோட்டீசை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட் படம்தான் பெரிதாக இருக்கும். அதை விடுங்கள். ஆர்மோனியம், பின்பாட்டு என்று போட்டிருக்கும் இடத்தில் யார் பேர் இருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். நான் சொன்ன அந்த மேலூர் ராத்திரிக்காரராக இருந்தால் பாயில் எனக்கும் ஒரு இடம் பிடித்து வையுங்கள்.